இட்லி பாய்லரும் எலுமிச்சைப் பினாயிலும்

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20.
சிங்காநல்லூர், மூன்றாம் மாடி. வீட்டில் ஆட்கள்: ஒன்று.

பெருமதிப்பிற்குரிய மாமா அமீர் ஹம்சா அவர்களுக்கு,

மருமகன் அஃபான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான் நலம். "நாங்கள் நலம்" என்று எழுதத்தான் கை போனது, ஆனால் எண்ணிக்கையை மேலே எழுதிவிட்டேன். கோட்டைமேட்டில் தாங்களும், மாமி யாஸ்மின் அவர்களும், என் மனைவி இல்மாவும், எங்கள் மகள் ரம்ஷாவும், தங்கள் பினாயில் கடையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். கடையை மரியாதைக்குத்தான் சேர்த்தேன். குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன் பண்ணினால் எடுக்க மாட்டேங்கிறீங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழ மாட்டேங்குது. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் வந்தால் "குடோன்ல சரக்கு பாக்கோணும்" என்று எழுந்து போயிடறீங்க. அதனால்தான் காகிதம். காகிதத்தில் எனக்கு சர்வீஸ் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம், அந்த வாடை அங்கங்கே அடித்தால் பொறுத்துக்கொள்ளவும். நாளைக்குக் காலையில் கூரியரில் போடுகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கும். வரவில்லை என்று சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். வீடு சுத்தமாகிவிட்டது. உங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இல்மாவையும் குழந்தையையும் அனுப்பிவைக்கவும். இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எப்படிச் சுத்தமானது என்பதை எங்கள் அபார்ட்மெண்ட்டிலிருந்து வேறு யாராவது உங்கள் காதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

ரம்ஷா பிறந்த ஏழாம் நாள் விருந்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீங்க. உங்கள் சொந்தத் தயாரிப்பான எலுமிச்சைப் பினாயில், அஞ்சு லிட்டர் கேன் ரெண்டு, ரிப்பன் கட்டி, "புள்ளை வர்றதுக்குள்ள ஊட்டைக் கழுவி வெய்யுங்க மாப்பிள்ளை" என்று அத்தனை பேர் முன்னால் என் கையில் குடுத்தீங்க. நான் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கணும். ஆனால் கர்ப்பத்தின் ஆறாம் மாசத்தில் வீடு துடைக்கிற அம்மா அந்தப் பினாயிலைக் கெட்டியாக ஊற்றித் துடைத்து, இல்மாவுக்கு மூச்சு இளைத்து, நான் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினது எனக்குள்ளே இருந்தது. அதனால், "மாமா, இது கிருமியைக் கொல்லுதோ இல்லையோ, என் பொண்டாட்டியைக் கொன்னுடும், நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிக் கேனைப் படியில் வைத்துவிட்டேன். பந்தியில் பிரியாணி மெல்லுகிற சத்தம் நின்றுபோச்சு. நீங்கள் எழுந்து, "தம்பி, முப்பத்தொரு வருஷமா கோயமுத்தூர்ல பாதி ஊடு என்ர பினாயில்லதான் தொடைக்குது. எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க" என்றீங்க. அதுவரை மாப்பிள்ளையாக இருந்த நான் அந்த ஒரு வாக்கியத்தில் தம்பியாகிவிட்டேன். பிறகு, "ஊடு சுத்தமா மணக்குதான்னு நானே வந்து மோந்து பாப்பேன், அப்புறந்தான் என்ர பொண்ணும் பேத்தியும் அந்தப் படியேறும்" என்றீங்க. பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்து மூணு வாரம் ஆகிறது. நீங்கள் மோந்து பார்க்க வரவில்லை. அவர்களும் படியேறவில்லை.

மூக்கு ஒரு அளவுகோல் இல்லைங்க மாமா. சுத்தத்துக்கு வாசனையே கிடையாது. வாசனை வந்தால் அங்கே இன்னொரு பொருள் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இது என் கருத்து இல்லை, சாதாரண அறிவு. அதனால் கெமிக்கல் எதுவும் தொடாமல் நீராவியால் வீட்டைக் கழுவுவது என்று முடிவு செய்தேன். கொதிக்கிற தண்ணியின் ஆவியை அழுத்தத்தில் அடைத்து, ஈரம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் ஒரு சின்ன வாய் வழியாக விட்டு, டைல்ஸ், சிங்க், குழாய், கண்ணாடி, கக்கூஸ் என்று கெட்டியான பரப்பில் ஒட்டிப் பிடித்து, மெதுவாக, இடத்துக்கு இடம் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோனால் அந்தச் சூட்டில் கிருமி சாகும், பிசுக்கும் கழன்று வரும், துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. நெடி இல்லை, குழந்தை தவழ்ந்து தரையை நக்கினாலும் வயிற்றுக்குள் மருந்து போகாது. ஒரே ஒரு விதி, அவசரப்படக் கூடாது. அரை அடி தள்ளிப் பிடித்து வீசிக்கொண்டே போனால் அது நீராவி இல்லை, ஊட்டிப் பனி. எனக்கு அவசரம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம்.

என் கம்பெனி மெஸ்களுக்கும் ஓட்டல்களுக்கும் இட்லி வேகவைக்கிற நீராவி பாய்லர் செய்கிற கம்பெனி என்பதும் உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது நீங்களே, "எஞ்சினியருன்னாங்க, இட்லிச் சட்டி செய்யறவராட்டம்" என்று மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஆறு மாசம் டெமோவுக்குப் போய்த் திரும்பிவந்த சின்ன பாய்லர் ஒன்று ஷெட்டில் சும்மா கிடந்தது. மேனேஜரிடம் கேட்டு சனி, ஞாயிறுக்கு எடுத்தேன். இட்லிப் பெட்டிக்குப் போகிற குழாயைக் கழற்றி ஹோஸ் மாட்டி, நுனியில் பித்தளை நாசில் வைத்தேன். சேஃப்டி வால்வு சோதித்தாகிவிட்டது, பயப்பட வேண்டாம். நான் சோதிக்காமல் விட்டது ஒன்றுதான். ஆறு மாச இட்லி மாவு வாசம் அந்தக் குழாய்க்குள் குடியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாய்லரை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும்போதே இரண்டாம் மாடி பாப்பாயி அம்மா பார்த்துவிட்டாங்க. "ஏனுங் தம்பி, மெஸ் போடறீங்களாட்டம்? சொல்லவே இல்லீங்க." வீடு சுத்தம் பண்ணுவதற்கு என்றேன். "இட்லிக் குண்டாவுல ஆரு கண்ணு ஊட்டைச் சுத்தம் பண்ணுவாங்க? வெளையாடாதீங்க." நான் அவசரமாக மேலே போய்விட்டேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பாய்லரை ஏற்றி, முதல் ஆவியை சமையலறையில் விட்டேன். பத்து நிமிஷத்தில் காலிங் பெல். திறந்தால் பாப்பாயி அம்மா கையில் தூக்குப்போசி. "எட்டு இட்லிங்க, சட்னி கொஞ்சம் கெட்டியா." அவங்களுக்குப் பின்னால் முதல் மாடியிலிருந்து ரெண்டு பேர், அவங்க கையிலும் போசி. வாசம் மாடிப்படி முழுக்க இறங்கியிருக்கிறது. இட்லி இல்லை, வெறும் ஆவிதான் என்று எத்தனை சொன்னாலும் நம்பாமல், கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மொத நாளு, மாவு பொளிக்கலையாட்டம் இருக்குது, பரவால்லீங்க, நாளைக்கு வாரோம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாங்க. ஒன்று சொல்லணும் மாமா. இல்மா போனதிலிருந்து அந்தப் பெல்லை அடித்தவர்கள் கூரியர்க்காரரும் கேஸ் சிலிண்டர்க்காரரும்தான். போசியோடு ஆள் நின்றதும் எனக்கு ஒரு நிமிஷம் உண்மையிலேயே இட்லி சுடத் தெரிந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

சமையலறை நன்றாக வந்தது. அடுப்புக்குப் பின்னாலிருந்த பிசுக்கு உருகித் தேன் மாதிரி வழிந்தது, துடைத்தேன், டைல்ஸில் என் முகம் தெரிந்தது, மூணு நாள் தாடியோடு. அந்த உற்சாகத்தில் ஹாலுக்கு வந்தவன் சூடு வெளியே போய்விடக் கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தினேன். இது தவறு. நீராவி வேலைக்கு ஜன்னல் திறந்திருக்கணும், இல்லாவிட்டால் ஈரம் போக இடம் இருக்காது, இதை நான் எங்கள் கஸ்டமர்களுக்கு வாரம் ஒரு தடவை சொல்கிறேன். அரை மணியில் கூரையில் வியர்வை கோர்த்துச் சொட்ட ஆரம்பித்தது. வெளியே வெயில், வீட்டுக்குள் மழை. குழந்தைக்காக இல்மா சுவரில் ஒட்டிய யானை ஸ்டிக்கர், தும்பிக்கையிலிருந்து கழன்று வந்து என் தலைமேல் போர்வையாக விழுந்தது. நான் அதை எடுப்பதற்குள் கையிலிருந்த நாசில் பீரோ பக்கம் திரும்பிவிட்டது, பிளைவுட் கதவு இட்லி மாதிரி உப்பிவிட்டது, இப்போது மூடாது, உள்ளே இருக்கிற இல்மாவின் துப்பட்டாக்கள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. எங்கிருந்தோ ஒரு பல்லி தொப்பென்று விழுந்து, பாய்லரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடந்தே வாசல் வழியாக வெளியே போனது. இந்த வீட்டை விட்டுப் போகிறவர்கள் யாரும் ஓடுவதில்லை, நிதானமாகத்தான் போகிறார்கள்.

மத்தியானம் குழந்தை சாமான்கள். ஸ்டீல் கிண்ணம், பால் சங்கு, கிலுகிலுப்பை, தொட்டில் கம்பி. கிலுகிலுப்பையை ஸ்டாண்டில் வைத்து, அவசரப்படாமல், ஓட்டையெல்லாம் பார்த்து ஆவி காட்டினேன். ஆவி பட்டதும் அது தானாகக் கிலுகிலுத்தது. அப்போதுதான் தோன்றியது. இதை இன்னும் யாருமே தொடவில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து நேற்றுத்தான் பிரித்தேன். தொட்டில் கம்பியும் அப்படித்தான், ஹாலில் ரெண்டாவது நாற்காலியும் அப்படித்தான். ஒரு இடத்தில் கிருமி சேரணும்னாக்கூட அங்கே ஆள் நடமாட்டம் வேணுமுங்க மாமா. எட்டாம் வகுப்பிலிருந்து நான் ஹாஸ்டல், எனக்கு அத்தா அம்மா இல்லை என்று தெரிந்துதான் பொண்ணு குடுத்தீங்க, அதனால் தனியாக இருப்பதை நான் புகாராகச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் தனியாக இருந்தபோது அது சாதாரணமாக இருந்தது. இங்கே ரெண்டு பேருக்கு மாட்டிய டவல் கொக்கி இருக்கிறது, அதுதான் வித்தியாசம். இந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவது பாய்லரின் பிரஷர் கேஜ் மட்டும். அதுவும் ரெண்டு பார் அழுத்தத்துக்கு மேல் பேசாது.

சாயந்திரம் அசோசியேஷன் செயலாளர் நஞ்சுண்டன் அவர்கள் வந்தார். ரிட்டயர்ட் மில் சூப்பர்வைசர். "தம்பி, உங்க ஊடு முடிஞ்சா நம்ம படிக்கட்டுக் கம்பியையும் லிஃப்ட்டையும் அடிச்சு உட்ருங்க, எல்லாரும் கை வெக்கிற எடமுங்க." நல்ல யோசனைதான். கம்பி பூராவும் மூணு மாடிக்கும் அடித்தேன், இந்தத் தடவை மெதுவாக. லிஃப்ட்டுக்கு வந்ததும், பட்டன்மேல் நேராக அடிக்கக் கூடாது, உள்ளே ஈரம் இறங்கிவிடும், துணியை ஆவியில் சூடாக்கித்தான் துடைக்கணும் என்று விளக்கினேன். விளக்கின விதத்தில் கொஞ்சம் கடுமை இருந்திருக்கலாம். "நாப்பது வருசம் மில்லுல ஸ்டீம் பாத்தவனுங்க நானு, அட குடுங்க தம்பி" என்று நாசிலைப் பிடுங்கி, பட்டன் பலகையில் நேராக ஒரு பிடி பிடித்துவிட்டார். எல்லாப் பட்டனும் தீபாவளி சரம் மாதிரி எரிந்தது, அதே நேரம் பாப்பாயி அம்மா கீரைக்கட்டோடு ஏறிவிட்டாங்க, கதவு மூடியது, லிஃப்ட் கிளம்பியது. அப்புறம் நிற்கவே இல்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும், அம்மா முழங்காலைத் தூக்குவதற்குள் மூடிவிடும். முதல் சுற்றில், "தம்பி, இது நிக்க மாட்டேங்குதுங்க" என்றாங்க. ரெண்டாவது சுற்றில், "இன்னும் நிக்கலீங்க." மூணாவது சுற்றில், "எங்க ஊட்டுக்காரருக்கு மாத்திரை நேரமாச்சு, ஆராச்சும் சொல்லிப்போடுங்க." நாலாவது சுற்றில் கதவு திறந்தபோது தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாங்க. நான் ஓடிப்போய் மெயினை அணைத்ததில், நல்லவேளையாக முதல் மாடிக்கு நேராக நின்றது. கை குடுத்துத் தூக்கிவிட்டேன். திட்டுவாங்க என்று நினைத்தேன். என் கையை விடாமல் பிடித்துப் பார்த்து, "கை இத்தனை சூடா இருக்குதே, காச்சலா கண்ணு? சாப்பிட்டீங்களா?" என்றாங்க. பாய்லர் சூடுங்க என்றேன். சாப்பிட்டேனா என்பதை மட்டும் யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இனி உங்களுக்குச் சந்தோஷமான பகுதி. ராத்திரி எட்டு மணிக்கு நஞ்சுண்டன் அவர்கள் படிக்கட்டுக் கம்பியைக் குனிந்து மோந்து பார்த்தார். "ஒண்ணுமே மணக்கலீங்களே தம்பி. சுத்தம் பண்ணுனீங்களா, இல்லையுங்களா?" பண்ணினேன், மணக்காததுதான் சுத்தம் என்றேன். மறுபடி மோந்தார். "லேசா இட்லி வாசம் அடிக்குதுங்க. கம்பியப் புடிச்சா பசிக்குது." இன்று காலையில் பார்க்கிறேன், அசோசியேஷன் கணக்கில் கீழ்த்தளம் முழுக்கப் பினாயில் ஊற்றித் துடைத்திருக்கிறார்கள். கேனைப் பார்த்தேன். உங்கள் எலுமிச்சைதான். வாழ்த்துகள். நான் முழு நாள் செய்த வேலையை யாரும் நம்பவில்லை, நீங்கள் வராமலேயே உங்கள் மூக்கு எங்கள் அபார்ட்மெண்ட் வாசல்வரை வந்துவிட்டது.

ஆனாலும் என் மாடிவரை அது ஏறவில்லை. மூன்றாம் மாடியில் எந்த நெடியும் இல்லை, இட்லியைத் தவிர. ஆகவே வீட்டை வந்து மோந்து பார்த்து ஏற்றுக்கொள்ளவும், அல்லது மோந்து பார்க்காமலேயே ஏற்றுக்கொள்ளவும். எந்தத் தேதியில் அனுப்புகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவித்தால் கார் ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும். மாமிக்கு என் சலாம். இல்மாவுக்கு சலாம், பீரோ விஷயத்தை நானே பக்குவமாகச் சொல்கிறேன். ரம்ஷாவின் நெற்றியில் எனக்குப் பதிலாக யாராவது ஒரு முத்தம் வைக்கவும். தங்கள் வியாபாரம் செழிக்கவும், தங்கள் மூக்கு நீண்ட ஆயுளோடு இருக்கவும் துஆ செய்யும்,

மருமகன்,
அஃபான்

பின்குறிப்பு: மணி 12.05. உறையை ஒட்டப் போகும்போது இல்மா போனில் கூப்பிட்டாள். வழக்கம்போல, இன்றைக்கு ஹாலில் ஈரப்பதம் எவ்வளவு, நேற்று எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் பாதியில் நிறுத்தி, "ஏங்க, அத்தா மூக்கு என்ன ஐ.எஸ்.ஐ. முத்திரையா?" என்றாள். நான் நிபந்தனையை ஞாபகப்படுத்தினேன். "அவரு கோவத்துல ஒரு வார்த்தை சொன்னாரு. அதைப் போயி டெண்டர் கண்டிஷன் மாதிரி எடுத்துக்கிட்டீங்க. நாப்பது முடிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஆளுங்களோட வந்து தாயையும் புள்ளையையும் கூப்புடுவாங்க, அப்பத்தான் போவாங்க. இது உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. ஹாஸ்டலில் யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள், கேட் திறந்தால் பையை எடுத்துக்கொண்டு நாமே கிளம்ப வேண்டியதுதான். நீங்கள் அனுப்பணும் என்று நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நான் கூப்பிடணும் என்று நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீங்க. அவள் சொல்கிறாள், துணிப் பை கட்டிக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம், மாமி ரெண்டு தடவை பிரித்து வெயிலில் போட்டுத் திரும்பக் கட்டிவிட்டாங்களாம், நான் வருகிற ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குடோனில் உட்கார்ந்திருக்கிறீங்களாம், கூப்பிட்டால் எழுந்து வருவதற்கு. "வந்தீங்க, புள்ளைக்குக் காச்சல் பாத்தீங்க, தொட்டில் கயிறு எத்தனை கிலோ தாங்கும்னு இழுத்துப் பாத்தீங்க, போயிட்டீங்க. ஒரு தடவையாச்சும் என்னைப் பாத்து வான்னு சொன்னீங்களா?" யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. கூப்பிட ஆட்களோடு வரணும் என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். பிறகு, "தனியாவே வாங்க. ஆனா வாயைத் தொறந்து கூப்புடுங்க" என்றாள்.

ஆகவே மாமா, மேலே எழுதியது முழுவதும் தப்பான ஆளுக்கு எழுதிய கடிதம். வீடு மணக்கிறதா இல்லையா என்பது இதில் ஒரு விஷயமே இல்லை. இனி நான் செய்யப்போவது:

1. எல்லா ஜன்னலையும் திறப்பேன். வீடு காயட்டும்.

2. தாடி எடுத்துவிட்டுக் குளிப்பேன், சோப்புப் போட்டு, ரெண்டு தரம்.

3. பாப்பாயி அம்மாவையும் நஞ்சுண்டன் அவர்களையும் என் வீட்டு ஆட்களாகக் கோட்டைமேட்டுக்கு வரச் சொல்வேன். (சொல்லிவிட்டேன். அவர் வேட்டி மாற்றப் போயிருக்கிறார். அம்மா, "வெறுங்கையோட ஆராச்சும் சம்பந்தி ஊட்டுக்குப் போவாங்களா" என்று திட்டி, தட்டுக்குப் பழம் வாங்கிவர முதல் மாடி ஆள் ஒருத்தரை அனுப்பியிருக்காங்க.)

4. கூரியர் வேண்டாம். இதை நானே கொண்டுவந்து உங்கள் கையில் குடுப்பேன். நேரில் பேசினால் என் வாய் என்ன செய்யும் என்று நம் ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால் நீங்கள் படியுங்கள், நான் பேசவில்லை.

5. நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் வீட்டு மாடியேறி, இல்மாவுக்கு எதிரே போய் நின்று, "வா" என்பேன். ஈரப்பதம், பீரோ எதுவும் சொல்ல மாட்டேன். அவள் பதில் சொல்கிறவரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்.